எல்சி3 பட்டை தடித்தால் ஆட்டோஃபேஜி கூடியது என்று அர்த்தமா? (ஆய்வகம், பட்டினி, மருந்து எல்லாம் கலந்த இழை)

#1 வைகைக்கரை

ஆட்டோஃபேஜி (செல் தன் உட்பொருளையே பையில் கட்டிச் செரிப்பது) பற்றி ஒரு கேள்வி. ஒரு தாவர பாலிஃபீனாலை எச்இகே293 செல்களுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல் வகை) 24 மணி நேரம் கொடுத்த வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை). கட்டுப்பாட்டுச் செல்களைவிட எல்சி3-2 பட்டை மூன்று மடங்கு தடித்திருக்கிறது. பி62 (ஆட்டோஃபேஜி நடந்தால் சரக்கோடு சேர்ந்து செரித்துப்போகும் புரதம்) குறையவில்லை, லேசாகக் கூடியிருக்கிறது. "இப்பொருள் ஆட்டோஃபேஜியைத் தூண்டுகிறது; பார்க்கின்சன் நோய்க்குப் பயன்படக்கூடும்" என்று முடிவுரை எழுதலாமா? இதே அளவு தரவோடு அப்படி எழுதிய கட்டுரைகள் ஏராளம் வந்திருக்கின்றன.

#2 நுண்ணோக்கி

எழுதக்கூடாது. அந்த வாக்கியத்தின் இரண்டு பாதியும் தவறு. முதல் பாதியை மட்டும் இப்போது பார்ப்போம்.

எல்சி3-2 என்பது ஆட்டோஃபேகோசோம் (சரக்கைச் சுற்றிக் கட்டும் பை) சவ்வில் ஒட்டியிருக்கும் எல்சி3 புரதம். அந்தப் பை லைசோசோமோடு (செல்லின் செரிக்கும் அறை) இணைந்ததும் உள்பக்கம் இருக்கும் எல்சி3-2வும் சேர்ந்து செரித்துப் போகும். ஆக ஒரு குறிப்பிட்ட நேரத்தில் செல்லில் எவ்வளவு எல்சி3-2 இருக்கிறது என்பது, உருவான வேகத்துக்கும் அழிந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை மலையாகக் குவிந்திருந்தால், பந்தி நிறைய நடந்திருக்கலாம். இலை எடுக்கிற ஆள் வராமலும் இருந்திருக்கலாம். குவியலை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

உங்கள் தரவில் பி62வும் ஏறியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம். கடைசிப் படியை அடைக்கும் குளோரோகுயின் கொடுத்தாலும் இதே படம்தான் வரும்: எல்சி3-2 ஏறும், பி62 ஏறும். குளோரோகுயினை யாரும் தூண்டி என்று சொல்வதில்லை.

செய்ய வேண்டியது நான்கு கிணறு (செல் வளர்க்கும் தட்டின் குழி): டிஎம்எஸ்ஓ (கரைப்பான்) மட்டும், பாஃபிலோமைசின் ஏ1 (லைசோசோமை அடைக்கும் பொருள்) மட்டும், உங்கள் பொருள் மட்டும், இரண்டும் சேர்த்து. பாஃபிலோமைசின் 100 நானோமோலார், அறுவடைக்கு முந்தைய 2 முதல் 4 மணி நேரம் மட்டும். 24 மணி நேரமும் விட்டால் செல் செத்துப்போகும்; சாகும் செல்லின் எல்சி3 எதையும் சொல்லாது. இரண்டும் சேர்ந்த கிணற்றில் பாஃபிலோமைசின் தனியாகக் கொடுத்ததைவிட எல்சி3-2 கூடுதலாக இருந்தால் உருவாக்கம் கூடியிருக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் உங்கள் பொருள் லைசோசோம் பக்கம் அடைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். பாஃபிலோமைசின் அடைப்பு முழுமையாக இருப்பதும் முக்கியம்: அரைகுறையாக அடைத்தால், அடைக்கும் பொருள்கூடத் தூண்டி போல வேஷம் போடும்.

#3 வைகைக்கரை

பாஃபிலோமைசின் கைவசம் இல்லை, விலை அதிகம். குளோரோகுயின் போதுமா? பி62 ஏறியதற்கு வேறு காரணம் இருக்க முடியாதா?

#4 மதுரம்

இரண்டாவது கேள்விக்கு: இருக்க முடியும். பி62வின் மரபணுவை என்ஆர்எஃப்2 (செல்லின் தற்காப்பு மரபணுக்களை இயக்கும் புரதம்) நேரடியாகப் படியெடுக்க வைக்கும். தாவர பாலிஃபீனால்களில் பல என்ஆர்எஃப்2வை எழுப்பிவிடும் வகை. எனவே அழிவது ஒழுங்காக நடந்தாலும் உற்பத்தி ஏறி, புரதம் கூடித் தெரியலாம். கியூபிசிஆரில் (எம்ஆர்என்ஏ அளக்கும் சோதனை) பி62வின் எம்ஆர்என்ஏ பாருங்கள். ஏறியிருந்தால் பி62வை அளவுகோலாகவே இந்தச் சோதனையில் பயன்படுத்த முடியாது.

இன்னொன்று: லைசிஸ் பஃபரில் (செல்லைக் கரைக்கும் திரவம்) டிரைட்டான் என்ற மென்மையான சோப்பு மட்டும் போட்டு, சுழற்றி, மேல்திரவத்தை மட்டும் ஏற்றியிருந்தால் திரண்டுபோன பி62 அடியில் படிவோடு போயிருக்கும். அப்புறம் "பி62 குறைந்தது" என்று எழுதிவிடுவார்கள். எஸ்டிஎஸ் என்ற வலுவான சோப்பு உள்ள பஃபரில் முழுச் செல்லையும் கரைத்து ஏற்றுவதே பாதுகாப்பு.

#5 நுண்ணோக்கி

குளோரோகுயின் போதும், ஆனால் 24 மணி நேரம் ஊற விடாதீர்கள். அது லைசோசோமை அமிலம் இழக்கச் செய்வதைவிட ஆட்டோஃபேகோசோமும் லைசோசோமும் இணைவதைத்தான் கெடுக்கிறது என்று 2018 வாக்கில் விரிவாகக் காட்டினார்கள், கால்ஜியையும் (புரதங்களைப் பிரித்தனுப்பும் செல் உறுப்பு) குலைக்கும். நான்கு கிணறு சோதனைக்கு அதனால் பெரிய கேடில்லை. "லைசோசோம் பிஎச் ஏறியது" என்று எழுதத்தான் அந்தத் தரவு உதவாது.

ஜெல் விஷயத்தில் வழக்கமாக நடக்கும் கூத்துகளையும் சொல்லிவிடுகிறேன். எல்சி3-2 கொழுப்போடு சேர்ந்ததால் உண்மை எடை கூடுதல், ஆனால் ஓடுவது வேகமாக: 14 முதல் 16 கிலோடால்டன் இடத்தில் கீழே நிற்கும், கொழுப்பு சேராத எல்சி3-1 அதற்கு மேலே. 10 சதவீத ஜெல்லில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் அல்லது முன்கோட்டோடு ஓடிவிடும். 15 சதவீதம் போடுங்கள். பட்டைகளை மாற்ற 0.2 மைக்ரான் துளை உள்ள பிவிடிஎஃப் சவ்வு. 0.45இல் இவ்வளவு சிறிய புரதம் தாண்டிப் போய்விடும். எல்சி3-1 உறைய வைத்து உருக்கினால் சிதையும், ஆன்டிபாடிகளில் பலவும் எல்சி3-2வையே கூடுதலாகப் பிடிக்கும். அதனால் "2க்கு 1" விகிதம் எடுக்காமல் எல்சி3-2வை ஆக்டினோடு (ஏற்றிய அளவைச் சரிபார்க்க உதவும் புரதம்) ஒப்பிடுங்கள்.

தட்டின் அடர்த்தியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. செல் முழுத் தட்டையும் மூடி, ஊடகம் மஞ்சளாகிவிட்டால் அமினோ அமிலம் குறைந்து அடிப்படை ஆட்டோஃபேஜி தானாகவே ஏறிவிடும். மருந்து கொடுத்த தட்டில் செல் குறைவு, கட்டுப்பாட்டில் நெருக்கம் என்றால் ஒப்பீடே கெட்டது. அறுவடைக்குச் சில மணி நேரம் முன் எல்லாத் தட்டுக்கும் புது ஊடகம் மாற்றுங்கள்.

#6 நரம்புநார்

இரண்டாவது பாதி, பார்க்கின்சன். உங்கள் பொருள் உண்மையிலேயே உருவாக்கத்தைக் கூட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது நோய்க்கு நல்லதா என்பது, அந்த நோயில் எந்தப் படி உடைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நரம்பில் ஆட்டோஃபேஜி வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. 2006இல் ஜப்பானில் இரண்டு குழுக்கள் சுண்டெலியின் நரம்புச் செல்களில் மட்டும், ஆட்டோஃபேஜிப் பை உருவாகத் தேவையான ஏடிஜி5, ஏடிஜி7 மரபணுக்களை நீக்கின. வெளியிலிருந்து எந்த நச்சுப் புரதமும் சேர்க்கவில்லை. ஆனாலும் புரதத் திரட்டுகள் சேர்ந்து நரம்பு சிதைந்தது. தொடக்கப் படி இல்லாவிட்டால் இப்படி.

ஆல்சைமரில் கதை வேறு. வீங்கிய நரம்பு இழைகளுக்குள் பாதி செரித்த பைகள் குவிந்து கிடப்பதை ரால்ஃப் நிக்சன் குழு 2005இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டியது. ஆல்சைமரோடு தொடர்புள்ள பிரெசெனிலின்-1 மரபணு பழுதானால் லைசோசோமின் அமில பம்ப் சரியாக அமையாது என்பது 2010இல் அவர்கள் முன்வைத்த விளக்கம். இதில் மறுப்பும் உண்டு. எப்படியானாலும் அங்கே தேங்குவது கடைசிப் படியில். அந்த நிலையில் முன்படியைத் தள்ளினால் தேக்கம் பெருகத்தான் செய்யும்.

ஹண்டிங்டனில் இன்னொரு விதம். 2010இல் குயர்வோ குழு பார்த்தது: பைகள் உருவாகின்றன, லைசோசோமோடு இணையவும் செய்கின்றன, ஆனால் உள்ளே சரக்கு குறைவு. சரக்கைப் பிடிப்பதில்தான் கோளாறு. எல்சி3 பட்டையில் இது தெரியவே தெரியாது.

பார்க்கின்சன் ஒரே நோயல்ல, அங்கேயே பல படிகள். பிங்க்1, பார்க்கின் மரபணுக்கள் கெட்டால் பழுதான மைட்டோகாண்ட்ரியாவுக்குக் குறி வைப்பது போகும். நல்ல மைட்டோகாண்ட்ரியாவில் பிங்க்1 உள்ளே இழுக்கப்பட்டு வெட்டுப்பட்டு அழியும். சவ்வின் மின்னழுத்தம் விழுந்தால் வெளிச்சவ்விலேயே தங்கி, யூபிக்விட்டினின் (அழிக்க வேண்டியதில் ஒட்டும் சிறு குறிப் புரதம்) 65ஆவது அமினோ அமிலமான செரினில் பாஸ்பேட் சேர்த்து, பார்க்கினை வரவழைக்கும். ஜிபிஏ1 மரபணு கெட்டால் லைசோசோமுக்குள் ஒரு நொதி குறையும். இரண்டுக்கும் ஒரே மருந்து எப்படி?

#7 மதுரம்

நரம்புநார் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. ஹீலா செல்லில் (ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதப் புற்றுச் செல்) பார்க்கின் அநேகமாகக் கிடையாது. வெளியிலிருந்து பார்க்கினைச் செலுத்தாமல் ஹீலாவில் மின்னழுத்தத்தை வீழ்த்தும் சிசிசிபி 10 மைக்ரோமோலார் ஊற்றிவிட்டு "எங்கள் பொருள் பார்க்கின் வழி மைட்டோஃபேஜியை (மைட்டோகாண்ட்ரியாவைச் செரிப்பது) தூண்டியது" என்று எழுதினால், தெரிந்த மதிப்பாய்வாளர் முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்புவார். பார்க்கின் செலுத்திய செல்லிலும் மின்னழுத்தத்தை முழுதாக வீழ்த்துவது உடம்பில் நடக்காத அளவு அதிர்ச்சி. சுண்டெலியில் பிங்க்1 இல்லாமலும் அடிப்படை மைட்டோஃபேஜி நடக்கிறது என்பது 2018இல் தெளிவானது.

#8 கொக்குவில்

ஜிபிஏ1 பற்றிச் சொன்னபடியால் ஒன்று சேர்க்கிறேன். இருமலுக்குக் கொடுக்கிற அம்புராக்சால் அந்த நொதி சரியாக மடிந்து லைசோசோமுக்குப் போய்ச்சேர உதவுகிறது. லண்டனில் நடந்து 2020இல் வெளிவந்த சிறு ஆய்வில் கொடுத்த அளவு நாளுக்கு 1.26 கிராம், அதாவது 420 மில்லிகிராம் மூன்று வேளை. இருமலுக்கு ஒரு வேளை 30 மில்லிகிராம்தான். மருந்து மூளைத் தண்டுவடத் திரவம் வரைக்கும் போனது, நொதிப் புரதத்தின் அளவும் கூடியது. நோய் மெதுவாகிறதா என்பதைச் சொல்லும் அளவுக்கு அந்த ஆய்வு பெரிதில்லை, மருந்தில்லாத ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. இதைப் படித்துவிட்டுச் சிரப் போத்தலைத் தூக்க வேண்டாம்.

#9 தென்னம்பாளை

நான் ஆய்வக ஆள் இல்லை, மன்னிக்கவும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒன்று: "16 மணி நேரம் பட்டினி இருந்தால் உடல் தன் கெட்ட செல்களைத் தானே தின்றுவிடும், இதைக் கண்டுபிடித்த ஜப்பானியருக்கு நோபல்." ஏகாதசி, ரமலான் நோன்பு எல்லாவற்றையும் இதோடு முடிச்சுப் போடுகிறார்கள். எவ்வளவு உண்மை? பால் காபி குடித்தால் முறிந்துவிடுமாமே?

#10 நுண்ணோக்கி

2016 நோபல் யோஷினோரி ஓசுமிக்கு, அது உண்மை. அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டை. செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையை உணவில்லாமல் வைத்தபோது சில மணி நேரத்தில் அதன் குமிழியறைக்குள் (நம் லைசோசோமுக்கு ஈடானது) உருண்டைகள் சேர்ந்தன. அதாவது அவரும் கடைசிப் படியை அடைத்துத்தான் முன்படியைக் கண்ணால் பார்த்தார். நான்கு கிணறு சோதனையின் தர்க்கமே அது. 1993இல் இதை வைத்து 15 மரபணுக்களைப் பிடித்தார்கள். மனிதருக்கு 16 மணி நேரம் என்ற எண் அந்த வேலையில் எங்குமில்லை. ஆட்டோஃபேஜி என்ற பெயரும் புதிதல்ல, 1963இல் உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் டி டூவ் வைத்தது.

தின்னப்படுவதும் "கெட்ட செல்" அல்ல. செல்லுக்குள் இருக்கும் புரதத் திரட்டு, பழைய மைட்டோகாண்ட்ரியா இவைதான். செல் முழுசாக அப்படியே இருக்கும்.

மணிக்கணக்கு சுண்டெலியிலிருந்து வந்தது. எல்சி3யில் பச்சை ஒளிரும் புரதம் ஒட்டிய சுண்டெலியை ஜப்பானிய ஆய்வாளர் மிசுஷிமா 2004இல் வெளியிட்டார். 24 மணி நேரப் பட்டினியில் தசை, இதயம், கல்லீரலில் ஆட்டோஃபேகோசோமைக் காட்டும் பச்சைப் புள்ளிகள் ஏறின. மூளையில் தெளிவாக ஏறவில்லை (பின்னால் வந்த சிலர் ஏறுகிறது என்கிறார்கள்). ஆனால் 25 கிராம் சுண்டெலிக்கு எடைக்கு எடை வளர்சிதை வேகம் நம்மைவிட ஏழு மடங்கு. ஒரு நாள் பட்டினியில் அது தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். அந்த 24 மணியை மனிதனின் 24 மணியாக எடுத்துக்கொள்ளவே முடியாது.

பால் காபி: பாலில் லூசின் இருக்கிறது, எம்டார்க்1ஐ (ஊட்டம் இருக்கும்போது ஆட்டோஃபேஜியை அடக்கும் புரதக் கூட்டு) எழுப்பும் முக்கிய அமினோ அமிலம் அது, இன்சுலினும் கொஞ்சம் ஏறும். ஆனால் இது ஒரு சுவிட்ச் அல்ல. ஆட்டோஃபேஜி சாப்பிட்ட வயிற்றிலும் அடிப்படை அளவில் நடந்துகொண்டேதான் இருக்கும். இத்தனை மில்லி பாலில் "முறியும்" என்று எண் சொல்பவர் யாரும் மனிதத் திசுவில் அளந்து சொல்லவில்லை.

#11 மருந்துப்பெட்டி

விரதம் என்றதும் என் பங்கு. நம்பிக்கைக்காக இருப்பவர்கள், எடைக்காக இருப்பவர்கள் யாராயினும், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் முதலில் சீட்டைப் பாருங்கள். கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட் வகை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழியும். வழக்கமான அளவைப் போட்டுவிட்டு 16 மணி நேரம் வெறும் வயிறு என்றால் தாழ்சர்க்கரை. 70க்குக் கீழே போனால் நோன்பை விட்டுவிட வேண்டும், யோசிக்க ஒன்றுமில்லை.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இன்னும் சூட்சுமம். நீண்ட பட்டினியில் கீட்டோன் ஏறும்போது இவை அதைக் கூட்டி அமிலமாக்கிவிடக்கூடும், அப்போது குளுக்கோமீட்டர் 250க்குக் கீழே சாதுவாகக் காட்டும். குமட்டல், வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் "விரதக் களைப்பு" என்று படுத்துவிடாமல் ரத்தக் கீட்டோன் பார்க்க மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் அளவை மாற்றாமல் தொடங்கவே கூடாது.

ஆட்டோஃபேஜியைக் கூட்டும் என்று கேப்ஸ்யூலாக விற்கும் ஸ்பெர்மிடின் பற்றியும் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் 100 முதியவர்களுக்கு நாளுக்கு 0.9 மில்லிகிராம் வீதம் 12 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள், 2022இல் முடிவு வந்தது: நினைவாற்றலில் வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் இல்லை.

#12 வரப்போரம்

புற்றுநோய்க்கு மட்டும் பட்டினி நல்லது என்கிறார்களே? ஆட்டோஃபேஜி கூடினால் கட்டி கரையாதா?

#13 கட்டியியல்

கட்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, கூட்டுவதா குறைப்பதா என்பதே தலைகீழாகும்.

கட்டி தோன்றுமுன் ஆட்டோஃபேஜி காவல். ஆட்டோஃபேஜியைத் தொடங்க உதவும் பெக்லின்-1 மரபணுவில் ஒரு பிரதி குறைந்த சுண்டெலிகளுக்குத் தானாகவே கட்டிகள் வந்தன (2003, பெத் லெவின் குழுவும் இன்னொரு குழுவும்). ஆனால் ஏடிஜி5ஐ உடம்பெங்கும் திட்டுத்திட்டாக நீக்கியபோது கல்லீரலில் மட்டும் கட்டி வந்தது, அதுவும் புற்றாக மாறாத அடினோமா. அந்தக் கட்டிகள் தீங்கற்றவையாகவே நின்றதற்கு ஆட்டோஃபேஜி இல்லாததே காரணமாக இருக்கலாம். வளர்ந்த கட்டி, குறிப்பாக ராஸ் என்ற மரபணுவில் பிறழ்வுள்ள கணையப் புற்று, ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் பிழைப்பதே தன்னைத் தானே செரித்து எடுக்கும் அமினோ அமிலத்தால்தான். அங்கே அடைப்பதற்குத்தான் மருந்து தேடினார்கள்.

கிடைத்தது குளோரோகுயினின் உறவான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். முடிவுகள் சோர்வளிப்பவை. பரவிய கணையப் புற்றில் தனியாக 20 பேருக்கு: இரண்டு மாதத்தில் நோய் வளராமல் இருந்தவர்கள் 10 சதவீதம். 2019இல் 112 பேருக்கு ஜெம்சிடபின், நாப்-பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்துகளோடு 600 மில்லிகிராம் இரு வேளை சேர்த்ததில், 12ஆம் மாதம் உயிரோடிருந்தவர்கள் 41 சதவீதம். மாத்திரை சேர்க்காத குழுவில் 49. பயனில்லை என்றே படிக்க வேண்டும். ஒரே விசித்திரம், கட்டி சுருங்கியவர்கள் மட்டும் மாத்திரைக் குழுவில் கூடுதல்: 38 சதவீதம், மற்றதில் 21.

ஏற்கெனவே எடை கரைந்துகொண்டிருக்கும் நோயாளியைப் பட்டினி போடச் சொல்வது சிகிச்சைக்கே குந்தகம். கீமோ தாங்குவதற்குத் தசை வேண்டும்.

#14 கொக்குவில்

அப்படியென்றால் கணையப் புற்றில் ஆட்டோஃபேஜியை அடைக்கிற யோசனையே பிழை என்று முடித்துவிடலாமே.

#15 கட்டியியல்

அவ்வளவு சுலபமாக முடிக்க மாட்டேன். நாளுக்கு 1,200 மில்லிகிராம் கொடுத்தும் கட்டிக்குள் அடைப்பு நடந்ததா என்பது பெரும்பாலான நோயாளிகளில் பார்க்கப்படவில்லை. ரத்த வெள்ளணுவில் பை கூடியதை வைத்து ஊகித்தார்கள். அமிலத்தன்மை கூடிய கட்டிச் சூழலில் இந்த மருந்து செல்லுக்குள் நுழைவதே குறைகிறது. மேலே ஏற்றவும் வழியில்லை: கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்று ஆய்வில் கதிர்வீச்சு, டெமோசோலமைடு கீமோவோடு நாளுக்கு 600 மில்லிகிராமைத் தாண்டியதும் வெள்ளணுவும் தட்டணுவும் விழுந்தன. இதே மருந்தை மூட்டுவாதத்துக்கு நீண்ட காலம் கொடுக்கும்போது விழித்திரையைக் காக்க, உண்மை எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறார்கள் அமெரிக்கக் கண் மருத்துவர்கள். 60 கிலோ ஆளுக்கு 300. சோதனையில் கொடுத்தது அதற்கு நான்கு மடங்கு. தோற்றது யோசனையா மருந்தா என்பதை அந்தச் சோதனைகளால் பிரிக்க முடியாது. 2019இல் வந்த வேலைகள் எம்ஈகே, ஈஆர்கே பாதையை (ராஸ் தரும் வளர்ச்சிக் கட்டளையைக் கடத்தும் புரதச் சங்கிலி) அடைத்தால் கட்டி ஆட்டோஃபேஜியை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டின. இரண்டையும் ஒன்றாக அடைப்பது அதிலிருந்து வந்த உத்தி.

#16 நரம்புநார்

என் கருத்து கொக்குவில் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. மருந்து இலக்கைத் தொட்டதா என்று பார்க்காமல் 112 பேரைச் சேர்த்ததே வடிவமைப்புக் குறை. அதை வைத்து யோசனையைக் காப்பாற்றுவது எப்போதும் கிடைக்கும் சாக்கு.

பிறவிக் கோளாறுகளையும் சேர்த்துவிடுகிறேன், மருத்துவர்கள் படித்தால் உதவும். ஏடிஜி5 இல்லாத சுண்டெலிக் குட்டி பிறந்து ஒரு நாளைக்குள் சாகும். மனிதரில் ஏடிஜி7 ஏறக்குறைய முழுதாகவே இல்லாத ஐந்து குடும்பங்களின் 12 பேரை 2021இல் விவரித்தார்கள். தள்ளாட்டம், வளர்ச்சித் தாமதம், சிறுமூளைக் குறைபாடு, ஆனால் பலர் பெரியவர்களாகி வாழ்கிறார்கள். டபிள்யூடிஆர்45 என்ற ஆட்டோஃபேஜி மரபணு கெட்டால், பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் பெண் குழந்தைகள்: சிறுவயதில் பேச்சு, வளர்ச்சி பின்தங்கல், வலிப்பு, இருபதுகளை ஒட்டி உடல் விறைப்பும் பார்க்கின்சன் போன்ற நிலையும். எம்ஆர்ஐயில் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் (பார்க்கின்சனில் கெடும் மூளைப் பகுதி) இரும்பு. சிறுவயதில் "பொதுவான வளர்ச்சித் தாமதம்" என்று முத்திரை குத்தி விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

லைசோசோம் பக்கம் டானான் நோய்: எக்ஸ் குரோமோசோமில் உள்ள லேம்ப்2 மரபணு கெடுவது. பதின்ம வயதுப் பையனுக்குத் தடித்த இதயம், ஈசிஜியில் டபிள்யூபிடபிள்யூ வடிவம் (இதய மின்துடிப்பு குறுக்குப் பாதையில் போவதன் அடையாளம்), கூடவே தசைத் தளர்ச்சி என்றால் இதைச் சோதிக்காமல் விடக்கூடாது. லைசோசோமில் கிளைகோஜனைச் செரிக்கும் நொதி குறைந்த பாம்பே (Pompe) நோயில் இருவாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 20 மில்லிகிராம் நொதி ஏற்றியும் எலும்புத்தசை இதயம் அளவுக்குத் தேறாததற்கு, தசைநாருக்குள் தேங்கிய ஆட்டோஃபேஜிக் குவியல் நொதியை வழியிலேயே மடக்கிக்கொள்வதும் ஒரு காரணம்.

#17 வைகைக்கரை

நான்கு கிணறு, பி62 எம்ஆர்என்ஏ, அடர்த்தி மூன்றையும் சரிசெய்து மறுபடி ஓட்டுகிறேன். பார்க்கின்சன் வரியை எடுத்துவிட்டேன். ஒரு கடைசிக் கேள்வி, தென்னம்பாளை போன்றவர்கள் கேட்பதும் இதுதான்: மனிதரில் இதை ரத்தப் பரிசோதனையாக அளக்க முடியுமா?

#18 மதுரம்

நோயறியும் பரிசோதனையாக, "உங்கள் ஆட்டோஃபேஜி இவ்வளவு" என்று சொல்ல ஏற்றதாக நிரூபிக்கப்பட்டது எதுவும் இல்லை. விற்றால் வாங்காதீர்கள்.

ஆய்வுக்கு ஒரு முறை உண்டு, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு குழு உருவாக்கியது. எடுத்த முழு ரத்தத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் குளோரோகுயின் சேர்த்து, இரண்டையும் உடல் வெப்பநிலையில் வைத்து, பிறகு வெள்ளணுக்களைப் பிரித்து எல்சி3-2 வித்தியாசத்தைப் பார்ப்பது. வெள்ளணுவை முதலில் பிரித்துவிட்டுப் பிறகு ஊடகத்தில் மருந்து சேர்த்தால், அந்த ஆளின் பிளாஸ்மாவில் இருந்த அமினோ அமிலம், இன்சுலின் எல்லாம் போய்விடும். நாம் அளப்பது ஊடகத்தின் ஊட்டம்தான். குழாயைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புவதும் கூடாது, குளிரில் செரிமானம் நின்று இரண்டு பாதியும் ஒன்றாகத் தெரியும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் கிடைப்பது வெள்ளணுவின் எண். கல்லீரலுக்கோ மூளைக்கோ அதை நீட்ட முடியாது.

#19 நுண்ணோக்கி

வைகைக்கரை, மறுபடி ஓட்டும்போது இபிஎஸ்எஸ்ஸில் (அமினோ அமிலம் இல்லாத பட்டினிக் கரைசல்) 2 மணி நேரம் வைத்த தட்டு ஒன்றையும் பாஃபிலோமைசினோடும் இல்லாமலும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டாயம் ஏற வேண்டிய இந்த நேர்க்கட்டுப்பாடு ஏறவில்லை என்றால் பிளாட்டில் மற்ற எதையும் படிக்க வேண்டாம். மூன்று தனித்தனி நாள் சோதனைகள். ஒரே லைசேட்டை (கரைத்த செல் சாறு) மூன்று முறை ஏற்றுவது மூன்று அல்ல.